எக்ஸோம் நார்மல் என்றால் எஸ்எம்ஏ இல்லை என்று யார் சொன்னது?

ஐந்து மாதக் குழந்தை. கழுத்து நிற்கவில்லை, கால் தவளை மாதிரி விரிந்து கிடக்கிறது, முகம் மட்டும் பளிச்சென்று சிரிக்கிறது. கையில் எக்ஸோம் ரிப்போர்ட், அதாவது ஜீன்களின் புரதம் எழுதும் பகுதிகளை வாசிக்கும் பரிசோதனை. "எல்லா ஜீனையும் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லையாம்." அதை நம்பி இரண்டு மாதம் பிசியோதெரபி. பிறகுதான் யாரோ எம்எல்பிஏ, அதாவது ஜீன் எத்தனை காப்பி இருக்கிறது என்று எண்ணும் பரிசோதனை, கேட்கிறார்கள். எஸ்எம்என்1 ஜீன்: பூஜ்யம். அது இல்லாவிட்டால் வருவதுதான் எஸ்எம்ஏ, தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்துப்போகும் பரம்பரை நோய். இந்தக் கதை இன்னும் எத்தனை தடவை நடக்க வேண்டும்?

எக்ஸோம் எல்லா ஜீனையும் பார்ப்பதில்லை. டிஎன்ஏவைத் துண்டாக்கி, 100, 150 எழுத்துகளாகப் படித்து, எந்தத் துண்டு எந்த இடத்துக்குரியது என்று கம்ப்யூட்டர் அடுக்கும். 5ஆவது குரோமோசோமில் எஸ்எம்என்1க்குப் பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று ஓர் இரட்டை உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில எழுத்துகள். துண்டு யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எஸ்எம்என்1 மொத்தமாக இல்லாத குழந்தையிலும் எஸ்எம்என்2வின் துண்டுகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, எஸ்எம்ஏ குழந்தைகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எழுத்துப்பிழையே கிடையாது. அம்மாவிடமிருந்து வந்தது, அப்பாவிடமிருந்து வந்தது என்று இரண்டு குரோமோசோமிலும் எஸ்எம்என்1இன் 7ஆம் எக்ஸான் (புரதம் எழுதும் துண்டுகளில் ஒன்று) காணாமல் போயிருக்கும். இல்லாததை வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். சில லேப்கள் இதற்கென்று தனி மென்பொருள் வைத்து எண்ணுகின்றன. அப்படிச் செய்திருந்தால் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லையென்றால் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

சரி, இரட்டை இருக்கிறதே, அது வேலை செய்யக் கூடாதா? 7ஆம் எக்ஸானின் 6ஆவது எழுத்து எஸ்எம்என்1இல் சி, எஸ்எம்என்2வில் டி. மூன்றெழுத்துக் குறியீடு டிடிசி ஆனாலும் டிடிடி ஆனாலும் வருவது அதே அமினோ அமிலம், ஃபினைல்அலனின். பாடப்புத்தகக் கணக்கில் 'மௌன மாற்றம்'. ஆனால் எக்ஸான்களை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் அமினோ அமிலத்தைப் பார்த்து வெட்டுவதில்லை, ஆர்என்ஏ எழுத்தைப் பார்த்து வெட்டுகிறது. டி வந்ததும் 54 எழுத்து எக்ஸானைத் தாண்டிப் போய்விடுகிறது. முழு புரதம் தேறுவது சுமார் 10 சதவீதம். (அமினோ அமிலம் மாறவில்லை, ஆகவே தீங்கில்லை என்று இன்னும் வகுப்பெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையில் நம் நாட்டில் அதிகம் காணப்படும் மாற்றம்கூட முதல் இன்ட்ரானின், அதாவது எக்ஸான்களுக்கு நடுவே வெட்டி எறியப்படும் பகுதியின், 5ஆவது எழுத்தில்தான், புரதம் எழுதும் பகுதியிலேயே இல்லை.)

இந்த வெட்டி ஒட்டுதலை ஆராய்ந்த விஞ்ஞானி அட்ரியன் கிரைனர் 1984இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ரத்தப் புரதமான பீட்டா குளோபினின் ஆர்என்ஏ சோதனைக் குழாயில் எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அந்த 6ஆவது எழுத்து மாறினால் எக்ஸான் ஏன் விட்டுப்போகிறது என்று ஆராய்ந்தார். எஸ்எம்என்2வின் 7ஆம் இன்ட்ரானில் எக்ஸானைச் சேரவிடாமல் தடுக்கும் ஓரிடத்தை ரவீந்திர சிங் குழு 2006இல் காட்டியது. அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் 18 எழுத்து மருந்துதான் நுசினெர்சென். அமெரிக்காவில் அனுமதி 2016 டிசம்பர். முதுகுத்தண்டில் 12 மில்லிகிராம், 0, 14, 28, 63ஆம் நாட்களில், பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வாய்வழி ரிஸ்டிப்லாம் 2020இல் வந்தது. இரண்டும் எஸ்எம்என்2வைத் திருத்துபவை. செத்துப்போன நரம்பணுவை இரண்டும் எழுப்பாது. அதனால்தான் அந்த இரண்டு மாதம் வயிற்றெரிச்சல்.

தளர்ந்த குழந்தை, முழங்காலைத் தட்டினால் உதறவில்லை, நாக்கு நெளிகிறது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மட்டும் எழும்புகிறது என்றால் "அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதாலும் விட்டுவிடாதீர்கள், இதில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

எம்எல்பிஏவுக்கு ரத்தம் 2 முதல் 3 மில்லி, ஊதா மூடி இடிடிஏ குழாயில். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பச்சை மூடி வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். உறைந்த ரத்தத்தை அனுப்பிவிட்டு ரிசல்ட் ஏன் தாமதம் என்று போன் செய்யாதீர்கள். எஸ்எம்என்1 பூஜ்யமென்றால் முடிவு தெரிந்துவிட்டது. ஒன்று என்று வந்து அறிகுறியும் இருந்தால், மீதமிருக்கும் அந்த ஒன்றை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை அங்கே ஒளிந்திருக்கலாம்.

"நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணலையே" என்பது பதிலில்லை. ஏறக்குறைய 50 பேரில் ஒருவர் இதைச் சுமக்கிறார், சுமப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. பெற்றோர் இருவரும் எம்எல்பிஏ செய்துகொள்ளுங்கள். இரண்டு காப்பி என்று வந்தாலும் இரண்டும் ஒரே குரோமோசோமில் இருந்து மற்றதில் ஒன்றுமே இல்லாமல் இருக்கக்கூடும், ஆலோசகரிடம் கேட்காமல் நிம்மதியாகிவிடாதீர்கள். இருவரும் சுமப்பவர்கள் என்றால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று, அது ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகப் போடும் கணக்கு, ஒருவருக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர் தப்பித்தார்கள் என்றில்லை. அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடித் திசுப் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வது. அதற்கு நோயுள்ள குழந்தையின் ரிப்போர்ட் முன்பே கையில் இருக்க வேண்டும், ஐந்தாம் மாதத்தில் தேடக் கூடாது.

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸோமுக்கு அனுப்புவதென்றால் அனுப்புங்கள், ஆனால் அதே படிவத்தில் 'எஸ்எம்என்1, எஸ்எம்என்2 காப்பி எண்ணிக்கை, எம்எல்பிஏ' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதே குழாய் ரத்தமே போதும்.