ஸ்கிரீன்ஷொட்டை நம்பி மருந்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள்

அரிவு வெட்டுக் காலம் வந்தால் எனக்கு வரும் வட்ஸ்அப் செய்திகளில் பாம்புக்கடியும் சேர்ந்துவிடும். மருத்துவ நூலகர் என்பதால் "மிஸ், இது சரிதானே?" என்று கேட்டு அனுப்புவார்கள். கடைசியாக வந்தது வன்னியில் ஒரு சிறிய வைத்தியசாலையில் இருந்து. ஆறு வயதுப் பிள்ளை, கண்ணாடிப் புடையன் என்ற விஷப் பாம்பின் கடி. கூகிளில் மேலே வந்த சுருக்கத்தைப் படம் பிடித்திருந்தார்கள். பிள்ளையின் நிறைக்கு ஏற்ப அன்ரிவெனத்தை, அதாவது விஷமுறிவு மருந்தை, குறைக்கலாம் என்று அதில் இருந்தது. நல்ல காலம், டொக்டர் அதற்குள் வைத்திய நிபுணரிடம் போனில் கேட்டுவிட்டார். பிள்ளைக்கு முழு அளவும் ஏறியது.

பிள்ளை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்திய வழிகாட்டி (2016) தெளிவாகச் சொல்கிறது. அது இணையத்தில் இலவசம். யாரும் திறந்து பார்க்கவில்லை.

"முதலில் வந்ததுதானே மிஸ்" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முதலில் வருவது பலர் பார்த்த பக்கமாக இருக்கலாம், சொற்கள் பொருந்திய பக்கமாக இருக்கலாம், காசு கொடுத்த விளம்பரமாகவும் இருக்கலாம். நீங்கள் முல்லைத்தீவில் நிற்பதும், உங்கள் அலுமாரியில் எந்த மருந்து இருக்கிறது என்பதும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அமெரிக்கப் பக்கம் அங்குள்ள பாம்பையும் அங்குள்ள மருந்தையும் பற்றிப் பேசும். இந்தியப் பக்கம் பரவாயில்லை என்றால், அதிலும் கவனம் வேண்டும். நாங்கள் பாவிப்பது இந்தியாவில் செய்த, நான்கு பாம்புகளுக்கான மருந்து. இங்குள்ள ஹிப்னேல் வகை விரியன்களுக்கு அது வேலை செய்யாது. எங்கள் கண்ணாடிப் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு கண் இமையும் சரியும். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஆகவே தேடும்போது நோயின் பெயரோடு இலங்கை என்று ஒரு சொல்லையும் போடுங்கள், தயவுசெய்து.

பப்மெட்டில் இருந்தால் சரி என்பது இன்னொரு நினைப்பு. அது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியல். நல்லதும் இருக்கும், நான்கு நோயாளிகளை வைத்து எழுதியதும் இருக்கும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோயாளர் விடுதிக்குப் போகாதீர்கள். மருந்தின் அளவை வழிகாட்டியில் இருந்து எடுங்கள், தனிக் கட்டுரையில் இருந்து எடுக்காதீர்கள். பாம்புக்கடிக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியே இருக்கிறது. வழிகாட்டியின் ஆண்டையும் பாருங்கள். பழைய பிரதி போன்களில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"வன்னியில் எங்களுக்கு எங்கே லைப்ரரி?" என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பப்மெட் 1997 முதல் இலவசம். 2000 முதல் பப்மெட் சென்ட்ரலில் பல கட்டுரைகளை முழுதாகவே வாசிக்கலாம். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற எங்கள் நாட்டு ஆய்விதழ்களை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் வாசிக்கலாம். காசு கேட்கும் ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த செலவிலோ வாசிக்க உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், தனி ஆளுக்கு இல்லை, நிறுவனத்துக்குத்தான் அனுமதி கொடுக்கும். உங்கள் நிறுவனத்துக்கு அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காசு கேட்கும் கட்டுரை என்றால் யாழ்ப்பாண மருத்துவ பீட நூலகத்திடமோ எங்களிடமோ கேளுங்கள். எடுத்துத்தர முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல.

கேட்கும்போது "பாம்புக்கடி பற்றி ஏதாவது அனுப்புங்கோ மிஸ்" என்று மட்டும் கேட்காதீர்கள் தங்கச்சிமாரே, தம்பிமாரே. வயது, எந்தப் பாம்பு அல்லது என்ன அறிகுறி, கையில் என்ன மருந்து இருக்கிறது, எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் தெரியும் பிஎச்ரியை (கட்டில் சிகிச்சைக் குறிப்பேட்டை) படம் பிடித்து அனுப்ப வேண்டாம். கட்டிலில் ஆள் கிடக்கும்போது முதலில் நிபுணருக்கு அழையுங்கள். தேடல் வேலையை என்னிடம் விடுங்கள்.