வைரல் லோடு சரி, கர்ப்பப்பை வாயைப் பார்த்தீர்களா?

"ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை டாக்டர்" என்று ஹெச்.ஐ.வி. உள்ள பெண்கள் பலர் சொல்வார்கள். ஃபைலைப் புரட்டினால் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரிப்போர்ட்டுகள் தேதிவாரியாக இருக்கும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது என்று கேட்டால்தான், "அப்படியொரு டெஸ்ட் யாரும் சொல்லலையே" என்பார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இடைவெளிதான்.

எய்ட்ஸ் சார்ந்தவை என வகைப்படுத்தப்பட்ட புற்றுநோய்கள் மூன்று: கபோசி சார்கோமா (ரத்தநாளங்களின் உட்சுவர் செல்களில் வரும் புற்று), நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவின் (நிணநீர் மண்டலப் புற்று) சில வகைகள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இவற்றின் பின்னால் பெரும்பாலும் வேறு வைரஸ்கள் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி குறையும்போது அவற்றைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது.

கர்ப்பப்பை வாய்க்கு ஆபத்து ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வேறொரு வைரஸால் வருகிறது. இது மிகப் பரவலான தொற்று. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும். சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, குறைந்தவர்களுக்கு அது தங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களுக்கு அது தங்கினாலும், புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எதிர்ப்புச் சக்தி குன்றிய, சிகிச்சை பெறாத பெண்ணுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு அதிகம்.

யாருக்கு ஆபத்து கூடுதல்? ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், விட்டுவிட்டு எடுத்தவர்கள், சிடி4 ஒருகாலத்தில் 200-க்கும் கீழே போனவர்கள். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும். மருந்து ஆபத்தை நன்றாகவே குறைக்கிறது, அதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஆனால் ஏற்கெனவே குடியேறிய ஹெச்.பி.வி.யை அது நேரடியாக அழிப்பதில்லை. வைரல் லோடு நன்றாக இருப்பதால் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது.

அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் வலிக்காது, ரத்தமும் கசியாது. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் என்றெல்லாம் வரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். கழுத்திலோ அக்குளிலோ குறையாத நெறிகட்டி, இரவு வியர்வை, காரணமில்லாத எடை இழப்பு இருந்தாலும் வாருங்கள். அது லிம்போமாவாக இருக்கலாம்; காசநோயும் இப்படித்தான் தொடங்கும். திசுப் பரிசோதனை செய்துதான் பிரித்தறிய வேண்டும்.

ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை (அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள். பல இடங்களில் மெல்லிய பஞ்சுக் குச்சியைத் தருவார்கள். மறைவான அறையில் நீங்களே பிறப்புறுப்புக்குள் விட்டு, சில முறை சுழற்றி, குழாயில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

மாற்றம் தெரிந்தால் பெரும்பாலும் சூடு வைத்தோ சிறு பகுதியை வெட்டியோ அகற்றிவிடலாம். அப்புறம் 12 மாதத்தில் மறுபரிசோதனை, அது சரியாக இருந்தால் இன்னொரு 12 மாதம் கழித்து மறுபடியும். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்த மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த இரண்டு தேதிகளையும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.