20,000 எங்கே போனது?

பவர்பேங்க் பெட்டியில் 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். போன் பேட்டரி 5,000. அப்படியானால் நான்கு முறை முழுதாக ஏற வேண்டும். மூன்றாவது முறையோடு பவர்பேங்க் படுத்துவிடுகிறது. போலிச் சரக்கு என்று திட்டத் தோன்றும். போலிகளும் உண்டுதான், ஆனால் அசலிலும் இதேதான் நடக்கும். அச்சிட்ட எண் உண்மை. அது எதன் அளவு என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டத்தை அளக்கிறது, ஆற்றலை அல்ல. மாடித் தொட்டியிலுள்ள நூறு குடம் தண்ணீரும் தரைத் தொட்டியிலுள்ள நூறு குடமும் எண்ணிக்கையில் ஒன்றே. குழாயைத் திறந்தால் வரும் வேகம் ஒன்றா? அந்த உயரம்தான் வோல்ட். குடத்தை உயரத்தால் பெருக்கினால் ஆற்றல். அதன் அலகு வாட்-மணி.

உள்ளே இருக்கும் லித்தியம் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். 5,000 கொள்ளளவுள்ள நான்கு செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 20,000 ஆகும். வோல்ட் அதே 3.7. 20,000 மில்லிஆம்பியர்-மணி என்பது 20 ஆம்பியர்-மணி, அதை 3.7-ஆல் பெருக்கினால் ஆற்றல் 74 வாட்-மணி. அதே நான்கையும் தொடரிணைப்பில் கோத்துப் பாருங்கள்: 14.8 வோல்ட், கொள்ளளவு வெறும் 5,000! ஆற்றல் அப்போதும் 74தான். ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. மடிக்கணினி பேட்டரியின் மில்லிஆம்பியர்-மணி எண் சில வேளை போனுடையதைவிடச் சின்னதாக இருப்பதற்கும் இந்தத் தொடரிணைப்புதான் காரணம்.

சாதாரண யுஎஸ்பி வழியே வெளிவருவது 5 வோல்ட். 3.7-ஐ 5 ஆக உயர்த்தும்போது, இழப்பே இல்லாவிட்டாலும் 20,000 சுருங்கி 14,800 ஆகிவிடும். உயர்த்தும் சுற்றும் சூடாகி, பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை தின்னும். போனுக்குள் மறுபடி வோல்ட்டைக் குறைக்க வேண்டும். அங்கேயும் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். போன் பேட்டரி 3.85 வோல்ட்டில் 5,000 என்றால் அதற்குத் தேவை 19.25 வாட்-மணி. 74-ஐ அதனால் வகுத்தாலே நான்கு வராது. இரண்டு இழப்பையும் கழித்தால் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்கும்.

எனக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான்: சரியான கணக்கு தயாரிப்பாளருக்கு நன்றாகவே தெரியும். பல பவர்பேங்குகளின் முதுகில், கண்ணை இடுக்கிப் படிக்கும் அளவு எழுத்தில், 5 வோல்ட்டுக்கான கொள்ளளவு 12,000 சொச்சம் என்றே இருக்கும். பக்கத்தில் வாட்-மணியும் இருக்கும், விமான நிலையத்தில் அதைத்தான் பார்ப்பார்கள் என்பதால். 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 26,800 என்ற விநோத எண்ணோடு பவர்பேங்குகள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதாவது 26.8 ஆம்பியர்-மணி, 3.7-ஆல் பெருக்கினால் 99.16 வாட்-மணி.