512 என்று போட்டால் 512 இல்லை

கடையநல்லூர் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன். "தம்பி, பத்து நாளா நெட்டு ஊருது. மோடம் போச்சுன்னா மாத்திருங்க, எம்புட்டு ஆகும்னு மட்டும் சொல்லிருங்க." டெலிபோன் கம்பியில் வரும் பழைய பிராட்பேண்ட் அது. டவுன்லோடு 4 எம்பிபிஎஸ், அப்லோடு 512 கேபிபிஎஸ். ஃபைபர் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

என் லேப்டாப்பை நேராக மோடத்தில் கேபிள் போட்டுச் செருகி பிங் கொடுத்தேன், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 1,400 மில்லிசெகண்ட், 1,650, நடுவில் ஒரு டைம் அவுட். ஒழுங்காக இருக்கும்போது அந்த லைனில் நாற்பதைச் சுற்றி வர வேண்டியது. மோடத்தில் கோளாறு இல்லை. மாடி அறையில் கல்லூரி போகும் மகனின் கம்ப்யூட்டர்; அதில் டொரண்ட், அதாவது ஒரே ஃபைலை இறக்குகிறவர்கள் ஆளுக்கு ஆள் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கும் புரோகிராம்.

"ரேஷியோ 0.38க்கு வந்துட்டுண்ணே. அரைக்குக் கீழ இருந்தா டிராக்கர்ல இருந்து தூக்கிருவாங்க. அதான் அப்லோடை 512 போட்டு வச்சிருக்கேன்."

ரேஷியோ என்றால் இறக்கியதில் எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம் என்ற விகிதம். டிராக்கர் என்பது ஆட்களைச் சேர்த்துவைத்து அந்தக் கணக்கைப் பார்க்கும் சர்வர். பதினான்கு வருடமாக வீடு வீடாக லைன் பார்க்கிறேன். இந்த 512ஐ எத்தனை வீட்டில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிளானில் எழுதியிருப்பது கிலோபிட். டொரண்ட் புரோகிராமில் அப்லோடு வரம்பு எழுதும் கட்டம் கேட்பது கிலோபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, 512 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 64 கிலோபைட்தான். அங்கே 512 என்று போடுவது வரம்பே வைக்காததற்குச் சமம். இன்னும் சிலர் அப்லோடை நிறுத்துகிறேன் பேர்வழி என்று 0 போடுவார்கள். க்யூபிட்டொரண்ட் போன்ற டொரண்ட் புரோகிராம்களில் 0 என்றால் "எவ்வளவு வேண்டுமானாலும் போ" என்று அர்த்தம்.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு ஏன் படுக்கிறது என்று அந்தத் தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. நமக்கு ஒரு ஃபைல் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் வரும்; வந்து சேர்ந்த ஒவ்வொரு ஓரிரு பொட்டலத்துக்கும் "கிடைத்தது" என்று ஒரு குட்டிச் சீட்டு திரும்பிப் போக வேண்டும். அது போவது அப்லோடு வழியில்தான். அங்கே டொரண்ட் பொட்டலங்கள் வரிசை கட்டி நின்றால் சீட்டும் அதே வரிசையில் பின்னால் நிற்கும். சீட்டு வராததால் அந்தப் பக்கம் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். வரிசை மோடத்துக்குள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தாமதம்; நான் பார்த்த 1,400 அதுதான். ஆக, ரேஷியோவுக்காகத் திறந்து விட்ட குழாய் வீட்டில் எல்லாரின் தொண்டையையும் அடைத்துவிட்டது, அவனுடையதையும் சேர்த்து.

இதைச் சமாளிக்க டொரண்டுக்குள்ளேயே லெட்பேட் என்று ஒரு முறை உண்டு. 2012இல் இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 6817 ஆக வெளியானது. தன்னால் லைனில் கூடும் தாமதம் 100 மில்லிசெகண்டை நெருங்கினால் தானே ஒதுங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணையத்தின் சாதாரண அனுப்பும் முறையான டிசிபியில் வருகிறவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு அனுப்பும்போது அது கைகொடுக்காது. வரம்பை நாமே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போட்டோம். அப்லோடு 440 கேபிபிஎஸ், அதாவது 55 கிலோபைட். அதில் முக்கால் பங்கு, சுமார் 40. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 40, மற்ற நேரம் 15 என்று நேரம் குறித்து வைத்தேன். பிங் 60க்கு இறங்கியது. போன் பண்ணிய அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் துபாயில் இருக்கும் மச்சானைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மோடத்தை மாத்தலியே?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. 40 வைத்து எப்போது கடனை அடைப்பது? காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ராத்திரி எட்டு மணி நேரத்தில் 1.15 ஜிபி, பகலில் 0.86. ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதுவரை அவன் இறக்கியது 12 ஜிபி, திருப்பிக் கொடுத்தது நாலரை. மீதி ஏழரைக்கு நாலு நாள் கணக்குதான். ஆனால் இது காகிதக் கணக்கு. நாம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க ஆள் வேண்டுமே.

ரேஷியோ ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இருநூறு பேர் சீட் செய்யும், அதாவது முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் பழைய ஃபைலில் வாங்குகிறவர் மூன்றே பேர் என்றால், 64 கிலோபைட்காரனை யாரும் தேடி வரப்போவதில்லை. புதிதாக வந்த ஃபைலில், முதல் சில மணி நேரத்துக்குள் சேர்ந்தால் நம்மிடம் இருக்கும் துண்டு பக்கத்தில் இருப்பவனிடம் இருக்காது. அப்போதுதான் கேட்பான். இல்லாவிட்டால் சீட் செய்ய ஆளே இல்லாத ஃபைலைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் நேர விரயம்.

இன்னொன்று, எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் கொடுப்பது என்பது. பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரண்டில் கொடுத்தவனுக்கே கொடு என்பதுதான் அடிப்படை. ஆரம்பத்திலிருந்து வழக்கமான எண் நான்கு பேர். 40 கிலோபைட்டை நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து. இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு. அந்த இரண்டுக்காக எவனும் நமக்குத் திருப்பித் தரமாட்டான். தம்பி வைத்திருந்தது இருபது.

இறக்குவதிலும் கை அடக்கம் வேண்டும். அந்த லைனில் 4.3 ஜிபி ஃபைல் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதையே 40இல் திருப்பிக் கொடுக்க முப்பது மணி நேரம். கந்து வட்டிக்காரனிடம் வாங்கிய மாதிரி. ஒன்றை அடைத்துவிட்டு அடுத்ததைத் தொடச் சொன்னேன்.

வாங்க ஆள் இருந்தும் ரேஷியோ ஏறாவிட்டால் இன்னொன்றையும் பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால், பல வீட்டுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் நேராக நம்மைத் தொட முடியாது. ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வழி, திறந்தும் பயனில்லை. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் சீட் செய்வது வேண்டவே வேண்டாம்: நொடிக்கு 50 கிலோபைட் போனால் ஒரு நாளைய 1.5 ஜிபி எட்டு மணி இருபது நிமிடத்தில் காலி.

ரேஷியோவைப் பொய்யாகக் காட்டும் புரோகிராம் ஒன்றையும் தம்பி இறக்கி வைத்திருந்தான். நீ பத்து ஜிபி கொடுத்தேன் என்று சொன்னால், பத்து ஜிபி வாங்கினேன் என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும். டிராக்கர் இரண்டையும் ஒப்பிடும். அதைவிட, அந்தப் புரோகிராமை எங்கிருந்து எடுத்தான், உள்ளே வைரஸ் இருக்குமோ என்பதுதான் என் கவலை. அழித்துவிட்டேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் போகிற வீடுகளில் டொரண்டில் ஓடுவது உபுண்டு, லிப்ரே ஆபீஸ் மாதிரி யாரும் பகிரக்கூடிய இலவச மென்பொருள் இல்லை, பெரும்பாலும் நேற்று வந்த படம். சீட் செய்வது என்றால் விநியோகம் செய்வது. கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் உங்கள் ஐபி தெரியும், லைன் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடுவார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னபோது தம்பி பட்டியலில் மூன்றை நீக்கினான். என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் டெபியன் என்ற இலவச லினக்ஸ் ஒன்று, கிவிக்ஸ் தளத்தில் கிடைக்கும் விக்கிப்பீடியாத் தொகுப்பு ஒன்று ஏற்றிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து 1.04 என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அன்றைக்கே சாயங்காலம் அண்ணாச்சியும் கூப்பிட்டார். "நெட்டு நல்லா இருக்கு தம்பி. ஆனா ராத்திரி பூரா மாடில அந்தப் பெட்டி ஓடுதே, கரண்டு பில்ல யாரு கட்டுவா?" நூறு வாட் பெட்டி, எட்டு மணி நேரம், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. என் கடையில் ஸ்கிரீன் உடைந்த ஒரு லேப்டாப் கிடக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோய் வைக்கலாம் என்றிருக்கிறேன்.