15 வயதுப் பையனை 10 வயதாக்கிய கணக்கு

"எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்விதானே, அதில் இனவெறி எப்படி நுழையும்?" என்று ஐ.க்யூ. சோதனை பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நுழைந்த வழியைக் கணக்குப் போட்டே காட்டலாம். அதற்கு ஏற்ற இடம் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 1891இல் தொடங்கிய விட்டியர் அரசுச் சீர்திருத்தப் பள்ளி.

முன்கதை சுருக்கமாக. 1905இல் பாரிஸில் ஆல்பிரட் பினே, பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறிய ஒரு சோதனை வகுத்தார். மதிப்பெண்ணை மாறாத பிறவிக்குணமாகக் கொள்ளக் கூடாது என்று அவரே எச்சரித்தார். சோதனை அமெரிக்காவுக்குக் கப்பலேறியது, எச்சரிக்கை ஏறவில்லை. 1916இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். விட்டியர் சிறுவர்களைச் சோதித்தவர் அவருடைய மாணவர் ஹெரால்ட் வில்லியம்ஸ்.

இனி கணக்கு. 3 முதல் 10 வரை ஒவ்வொரு வயதுக்கும் 6 கேள்விகள்; ஒன்று சரியானால் 2 மாதம். 12 வயது அடுக்கில் 8 கேள்விகள், தலா 3 மாதம். 14இல் 6 கேள்விகள், தலா 4 மாதம். எந்த அடுக்கு வரை எல்லாமே சரியோ அது அடித்தளம். அதற்கு மேல் கிடைத்த மாதங்களைக் கூட்டினால் மன வயது. அதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஐ.க்யூ. 70க்குக் கீழே என்றால் 'மந்தபுத்தி' முத்திரை.

வீட்டில் ஸ்பானிஷ் பேசும் 15 வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்வோம். 8 வயது அடுக்கு முழுக்கச் சரி: 96 மாதம். 9இல் எதுகைச் சொற்கள் கேட்கிறார்கள்: ஆங்கிலத்தில், ஒரு நிமிடத்துக்குள் மூன்று. அதிலும் கொடுத்த மூன்று சொற்களை ஒரே வாக்கியத்தில் அமைப்பதிலும் தவறுகிறான். மீதி 4 சரி, 8 மாதம். 10இல் சொல்வளம், வாசித்ததைத் திருப்பிச் சொல்வது, 3 நிமிடத்தில் 60 சொல் அடுக்குவது மூன்றும் போச்சு. 6 மாதம்தான் தேறும். 12இல் சொல்வளம், நீதி, பொறாமை போன்ற அருவச் சொற்களின் விளக்கம், கலைந்த வாக்கியம், நீதிக்கதை நான்கோடு இன்னொன்றும் தவறினால் 9 மாதம். 14இல் சொல்வளம் உட்பட ஐந்து தவறு, ஒன்று சரி, 4 மாதம். மொத்தம் 123. அதை 180ஆல் வகுத்தால் ஐ.க்யூ. 68. முத்திரை விழுந்துவிட்டது.

மொழியால் தவறிய 10 கேள்விகளை மட்டும் திருப்பிக் கொடுங்கள். 26 மாதம் கூடி 149 ஆகிறது, ஐ.க்யூ. 83.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கண்ணி சொல்வளக் கேள்விதான். 8, 10, 12, 14 என நான்கு அடுக்கிலும் வருவது ஒரே சொற்பட்டியல். தேவையான எண்ணிக்கை மட்டும் 20, 30, 40, 50 என ஏறுகிறது. நம் பையனிடம் இருப்பது ஒரே குறை, ஆங்கிலச் சொல் போதாது என்பது. அதற்கு 10இல் 2, 12இல் 3, 14இல் 4 மாதம் பிடித்தம். ஆக 9 மாதம், அதாவது 5 புள்ளி.

எந்த வயதுக்கு எது சராசரி என்று தர அளவு எடுக்க டெர்மன் சோதித்த சுமார் 1,000 பிள்ளைகளில் வெளிநாட்டில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. மேற்கு ஐரோப்பிய வழி அல்லாதவர் வெகு சிலரே. வளர்ந்தவரின் வகுக்கும் வயதை 16 என்று வைத்ததும் குளறுபடி. முதல் உலகப் போரில் சேர்ந்த வெள்ளையரின் சராசரி மன வயது 13 என்றது ராணுவச் சோதனை. 13ஐ 16ஆல் வகுத்தால் 81. டெர்மன் அட்டவணைப்படி சராசரிச் சிப்பாயே 'மந்தம்', அதாவது மந்தபுத்திக்குச் சற்று மேலே! அப்போது சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அளவுகோலை. டெர்மனோ மெக்சிகோ வழியினர், கறுப்பினத்தவர் பிள்ளைகளின் 'மந்தம்' இனத்தின் பிறவிக்குணம் என்றும், அவர்களைத் தனி வகுப்பில் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

எண்ணுக்குத் துணையாக வீட்டுக்கும் மதிப்பெண் போட்டார் வில்லியம்ஸ். அத்தியாவசியப் பொருட்கள், சுத்தம், வீட்டின் அளவு, பெற்றோர் நிலை, கண்காணிப்பு என ஐந்துக்கும் தலா 5, மொத்தம் 25. சிறிய வீட்டில் குடியிருந்தாலே மதிப்பெண் குறையும். குடும்ப மரம் வரைந்த களப் பணியாளர்களின் குறியீடுகள் நியூயார்க்கின் யூஜெனிக்ஸ் (யார் பிள்ளை பெறலாம் என்று கட்டுப்படுத்தி 'நல்ல' மரபை வளர்க்க நினைத்த கொள்கை) பதிவகத்திலிருந்து வந்தவை. 'எஃப்' என்றால் மந்தபுத்தி, 'சி' என்றால் குற்ற இயல்பு. அக்கம்பக்கத்தார் பேச்சே பல நேரம் ஆதாரம். பதிவகத்துக்குக் கார்னகி, ராக்ஃபெல்லர் பணம் தாராளமாக வந்தது. நல்ல ஆய்வுக்குக் காசில்லை என்று புலம்புகிறோமே, கெட்ட ஆய்வுக்கு அந்தக் கஷ்டம் இருந்ததே இல்லை.

முத்திரை விழுந்த சிறுவர்களைக் கண்காணிப்பாளர் ஃபிரெட் நெல்லிஸ் வெளியேற்றினார். சிலர் சொனோமா, பசிபிக் காலனி போன்ற, மந்தபுத்தி முத்திரை விழுந்தவர்களுக்கான அரசு விடுதிகளுக்குப் போனார்கள். 1909இலேயே கலிபோர்னியாவில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இருந்தது; பலருக்கு அறுவைச் சிகிச்சைதான் வெளியே வருவதற்கான நிபந்தனை. 1979இல் சட்டம் நீங்குவதற்குள் சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1920 முதல் 1945 வரையிலான பரிந்துரைப் படிவங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, லத்தீன் அமெரிக்க வழிப் பெண்களுக்கு மற்றப் பெண்களைவிட 59% கூடுதல் அபாயம் இருந்தது என்றது, ஆண்களுக்கு 23%.

மேலே போட்ட கணக்கு கற்பனை என்று தள்ள வேண்டாம். கலிபோர்னியாவில் 1970இல் சமரசமான டயானா வழக்கில், மந்தபுத்தி வகுப்பில் போடப்பட்டிருந்த 9 மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஸ்பானிஷில் மறுபடி சோதித்தார்கள். சராசரி ஏற்றம் 15 புள்ளி.

1916 சோதனையின் வழியில் வந்த பினே-காமத் சோதனை நம் நாட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளையின் அறிக்கையில் வெறும் எண் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த மொழியில் சோதித்தார்கள், தர அளவு எந்த ஆண்டினுடையது, தவறிய கேள்விகள் எவையெவை.