ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வர வேண்டும்?

ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். ஆராய்ச்சிக் குழுவிலும் இருப்பதால், டீசிஸை முடித்துப் பேப்பராக எழுதும் நேரத்தில் மற்ற துறைகளின் பிஜி மாணவர்களும் என்னிடம் வருவார்கள். சேம்பிள் சைஸ், பி வேல்யூ எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஒன்றை மட்டும் கிளம்பும்போது கதவருகில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "மேடம், பேர் எல்லாம் எப்படிப் போடறது?"

குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல இது. ஆய்வின் முதல் நாளிலேயே எல்லோரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம்.

ஒரு மாணவி கொண்டுவந்த முதல் பக்கத்தைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண் பற்றிய ஆய்வு. ஆறு பெயர்கள். முதலில் துறைத் தலைவர், அடுத்து கைடு, மூன்றாவதாக மாணவி, அப்புறம் இரண்டு உதவிப் பேராசிரியர்கள், கடைசியில் வேறு கல்லூரியைச் சேர்ந்த ஒருவர். பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். துறைத் தலைவர்? "ஆய்வுக்கு அனுமதி தந்தார் மேடம்." நான்காவது பெயர்? "அவங்களுக்குப் ப்ரொமோஷனுக்கு ஒரு பேப்பர் குறையுது." ஆறாவது? "கைடு சாரோட ஃபிரெண்ட். அவர் பேப்பர்ல நம்ம சார் பேர் போட்டிருக்கார்." சரி, புள்ளியியல் கணக்கெல்லாம் யார் போட்டது? மாணவி ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. எந்த மாதிரி பகுப்பாய்வு செய்வது என்று முடிவுசெய்து, முடிவுகள் பகுதியையும் எழுதிக் கொடுத்தவர் அவர். நன்றியுரையில்கூட அவருக்கு இடமில்லை.

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி ஆகிவிட்டது இந்தப் பெயர்ப் பட்டியல். அவர் நமக்குச் செய்தார், நாம் அவருக்குச் செய்ய வேண்டும். மொய்யில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆய்வுக் கட்டுரையை நம்பி எங்கோ ஒரு டாக்டர் மருந்து எழுதுகிறார், அதனால் இங்கே கெடுதல் உண்டு.

யாரைக் கட்டுரையாளர் என்று சொல்லலாம் என்பதற்கு மருத்துவத் துறையில் எழுதப்பட்ட வரையறை இருக்கிறது. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கூடினார்கள். கட்டுரைகளை எந்த வடிவத்தில் அனுப்புவது என்று பொதுவாக முடிவுசெய்வதுதான் அப்போது நோக்கம். அந்தக் குழுதான் பிறகு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்தது. எல்லோரும் ஐசிஎம்ஜேஇ என்றே சொல்கிறோம். அது இன்று நான்கு நிபந்தனைகள் வைக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவு சேகரித்ததிலோ, அதைப் பகுப்பாய்வு செய்து பொருள் சொன்னதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதி பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது முறையாக விசாரிக்கப்படப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் வேண்டும், ஒன்றிரண்டு போதாது.

நிதி வாங்கித் தந்தது, துறையைப் பொதுவாக மேற்பார்வை செய்தது, நிர்வாக உதவி, மொழி திருத்தம் ஆகியவை மட்டும் ஒருவரைக் கட்டுரையாளராக்காது. இவர்களுக்குரிய இடம் நன்றியுரை. அதில் பெயர் போடுவதற்கும் அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும்.

இந்த விதியைத் தலைகீழாகப் பிடிப்பவர்களும் உண்டு. "அவர் டேட்டாதானே எடுத்தார், கட்டுரை எழுதவில்லையே" என்று சொல்லி இளையவர்களை வெட்டிவிடுவார்கள். ஐசிஎம்ஜேஇ இதைத் தெளிவாகவே மறுக்கிறது. முதல் நிபந்தனையைப் பூர்த்திசெய்த எவருக்கும் எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். வாய்ப்பே கொடுக்காமல் "நீ எழுதவில்லை" என்று தள்ளக்கூடாது. வார்டில் மாதக்கணக்கில் நின்று கணிசமான பங்காற்றிய செவிலியருக்கும் இது பொருந்தும். நம் ஊரில் அவர்களை யாரும் கேட்பதுகூட இல்லை.

நான்காவது நிபந்தனை 2013இல் சேர்க்கப்பட்டது. அது ஏன் தேவைப்பட்டது என்று மாணவர்களுக்குப் புரியவைக்க இரண்டு சம்பவங்களைச் சொல்வேன்.

முதலாவது லண்டனில் நடந்தது. 1994இல் மால்கம் பியர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், கருப்பைக்கு வெளியே உருவான கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைத்ததாகவும் குழந்தை பிறந்ததாகவும் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்படி ஒரு நோயாளியே இல்லை. கட்டுரையில் இன்னொரு பெயர் ஜெஃப்ரி சேம்பர்லின். அவர் பியர்ஸின் துறைத் தலைவர், கட்டுரை வெளியான இதழின் ஆசிரியர், பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் தலைவரும்கூட. அந்த வேலையில் தனக்குப் பங்கில்லை, மரியாதைக்காகச் சேர்க்கப்பட்ட பெயர் என்பதுதான் அவர் தந்த விளக்கம். பொய் எழுதியவர் அவரல்லர். ஆனாலும் இதழாசிரியர் பதவியையும் கல்லூரித் தலைவர் பதவியையும் விட்டு அவர் இறங்க நேர்ந்தது. பியர்ஸின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது.

இரண்டாவது நமக்கெல்லாம் நினைவிருக்கும் கொரோனா காலம். 2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள், நான்கு கட்டுரையாளர்கள். மருந்தால் ஆபத்து அதிகம் என்றது கட்டுரை. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. தரவு முழுவதும் சர்ஜிஸ்பியர் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அதன் தலைவர் நால்வரில் ஒருவர். கேள்விகள் கிளம்பி, மற்ற மூவரும் தனித் தணிக்கைக்கு ஏற்பாடு செய்தபோது நிறுவனம் மூலத் தரவைத் தர மறுத்தது. ஜூன் 4 அன்று மூவரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் பெயர்பெற்ற மருத்துவர்கள். ஆனால் மூலத் தரவைச் சரிபார்க்காமலேயே அதற்குக் கீழே பெயர் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு லான்செட் தன் விதியை மாற்றியது: தரவை நேரடியாகப் பார்த்துச் சரிபார்த்தவர்கள் கட்டுரையாளர்களில் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும்.

பேர் போடுவதால் கிடைக்கும் மதிப்பை மட்டும் பார்க்கிறோம். கையெழுத்துப் போட்ட கடன் பத்திரத்துக்குரிய பொறுப்பும் அதில் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் தனிமனிதர்கள் மேல் போட முடியாது. நம் கணக்கிடும் முறையே பெயர்களைப் பெருக்கச் சொல்கிறது. கல்லூரி ஆசிரியர்களின் ஆய்வுக்குப் புள்ளி போடும் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல், பொறியியல், மருத்துவப் பிரிவுகளில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. தனியாக எழுதினால் அந்த 8ம் அவருக்கு. இரண்டு பேர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதம், அதாவது 5.6, இருவருக்கும் சேர்த்து 11.2. ஐந்து பேர் என்றால் முதன்மையானவருக்கு 5.6, மற்ற நால்வருக்கும் தலா 30 சதவீதம், அதாவது 2.4, மொத்தம் 15.2. வேலை அதேதான், கட்டுரையும் அதேதான். மூன்று பேருக்குப் பிறகு பெயர் கூடக் கூடத் துறையின் மொத்தப் புள்ளி ஏறுகிறது. இரண்டு பேருக்கு மேல் இன்னொருவரைச் சேர்ப்பதால் முதல் பெயருக்கு ஒரு துளியும் குறையாது என்றால், "போட்டுவிடுங்களேன், என்ன போச்சு" என்று கேட்பவரிடம் மறுப்பது எவ்வளவு கஷ்டம்!

மருத்துவக் கல்லூரிகளில் வேறு விதமான நெருக்கடி. பதவி உயர்வுக்கு எந்த இடத்தில் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி மாறிக்கொண்டே வந்தது. 2015இல் முதல் இரண்டு பெயர்களுக்கு மட்டும் மதிப்பு என்றார்கள். 2017இல் முதல் பெயர் அல்லது கரஸ்பாண்டிங் ஆதர் (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் கட்டுரையாளர்) என்றார்கள். 2020இல் முதல் மூன்று பெயர்கள் அல்லது கரஸ்பாண்டிங் ஆதர் என்று தளர்த்தினார்கள். பதவி உயர்வு தொங்கிக்கொண்டிருக்கும் துறையில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் எவ்வளவு மனக்கசப்பு என்பதை அங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள். மாணவர் கீழே தள்ளப்படுவது இங்கேதான் தொடங்குகிறது. என் கருத்து: டீசிஸிலிருந்து வரும் பேப்பரில், வேலையை மாணவரே செய்திருந்தால் முதல் பெயர் மாணவருடையது. இதில் பேரம் கூடாது.

வரிசைக்கு எல்லாத் துறையிலும் ஒரே அர்த்தம் கிடையாது. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் அதிகம் உழைத்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவர். கணிதத்தில் அகரவரிசை. ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்ட பிரிவினைச் சூத்திரக் கட்டுரையில் (ஓர் எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பது பற்றியது) ஹார்டி முன்னால் இருப்பதை வைத்து யாரும் பங்கைக் கணக்கிடுவதில்லை. துகள் இயற்பியலிலோ வரிசைக்கே அர்த்தம் போய்விட்டது. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைத் துல்லியமாகச் சொன்ன கட்டுரைக்கு 5,154 பேர் கட்டுரையாளர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். 2005இல் ஹிர்ஷ் அறிமுகப்படுத்திய எச்-இண்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் அளவு) அந்த 5,154 பேரில் ஒருவரையும், தனியாளாக ஒரு கட்டுரை எழுதியவரையும் ஒரே மாதிரிதான் எண்ணும். நேச்சர் இண்டெக்ஸ் போன்ற சில கணக்குகள் ஒரு கட்டுரையை ஒன்று என்று வைத்து, பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கு தருகின்றன. யுஜிசி கணக்கைவிட அது நேர்மையானது என்று நினைக்கிறேன்.

பட்டியலில் பெயர் இருந்தாலே உரிய மதிப்பு கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1928இல் ஒளிச் சிதறல் பற்றி நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன: சி.வி.ராமன், கே.எஸ்.கிருஷ்ணன். ஒருவர் திருச்சியில் பிறந்தவர், மற்றவர் வத்திராயிருப்புக்காரர். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இயற்பியல்காரர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். இருவரும் என்னென்ன செய்தார்கள் என்று அந்தக் குறிப்பின் கீழே நான்கு வரி இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் இடமிருந்திருக்காது.

அந்த நான்கு வரியை எழுதத்தான் இப்போது கிரெடிட் என்ற வகைப்பாடு இருக்கிறது. 14 பங்குகளைப் பெயரிட்டு வைத்திருக்கிறது: கருத்தை உருவாக்கியது, முறையை வகுத்தது, தரவைச் சேகரித்தது, மென்பொருள் எழுதியது, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி திரட்டியது என்று. பல இதழ்கள் கட்டுரையை அனுப்பும்போதே இதைக் கேட்கின்றன. இதை நிரப்பும்போது அந்த மாணவியின் நான்காவது பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அவளே நிமிர்ந்து பார்த்தாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கவனம்: 14இல் ஏதோ ஒன்றில் டிக் விழுந்தாலே கட்டுரையாளர் தகுதி வந்துவிடாது. யார் என்ன செய்தார் என்பதை அது சொல்லும், யார் கட்டுரையாளர் என்பதை ஐசிஎம்ஜேஇ நிபந்தனைகள் சொல்லும்.

இன்னும் இரண்டை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "ஸ்கோப்பஸ் பேப்பர், இரண்டாவது இடம் காலி" என்று விலையோடு செய்தி வரும் (ஸ்கோப்பஸ் என்பது ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளம்). அது மோசடி. அந்தக் கட்டுரை பிற்பாடு திரும்பப் பெறப்பட்டால் உங்கள் பெயரும் அந்த அறிவிப்பில் நிரந்தரமாக இருக்கும். அடுத்தது, சாட்ஜிபிடி போன்றவை. 2023இல் ஐசிஎம்ஜேஇ திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: இவற்றைக் கட்டுரையாளராகப் போடக்கூடாது, ஏனென்றால் அவற்றால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று கட்டுரையில் குறிப்பிட வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? எதிக்ஸ் கமிட்டிக்குப் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எந்த வேலை, யார் பெயர் எந்த இடத்தில், வேலை மாறினால் இடமும் மாறும் என்ற ஒரு வரி. அதை எல்லோருக்கும் மெயிலில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். மூத்தவரிடம் நேராக "உங்கள் பெயர் வராது" என்று எந்த மாணவரும் சொல்ல முடியாது, சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. "சார், இந்த ஜர்னல்ல ஒவ்வொருத்தர் பங்கையும் எழுதித் தரச் சொல்றாங்க, உங்களோடத நீங்களே நிரப்பித் தர்றீங்களா?" என்று படிவத்தை நீட்டலாம். வரைவைத் திருத்தித் தரும்படியும் கேளுங்கள். உண்மையிலேயே படித்துத் திருத்தித் தருபவர்கள் உண்டு, அப்போது கட்டுரையும் மேம்படும். சிலர் தாங்களாகவே "எனக்கு நன்றியுரை போதும்பா" என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டுரை அனுப்பிய பிறகு உங்கள் பெயர் விடுபட்டது தெரிந்தால், முதலில் கரஸ்பாண்டிங் ஆதருக்கு எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். பதிலில்லை என்றால் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதுங்கள். இதழாசிரியர் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார், நிறுவனமே விசாரிக்கட்டும் என்பார். ஆனால் கட்டுரையாளர்களுக்குள் தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் வெளியீட்டை நிறுத்திவைக்க அவரால் முடியும். பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் எல்லோருடைய சம்மதக் கடிதத்தையும் கேட்பார். அப்போது கைகொடுப்பவை தேதியோடு இருக்கும் வரைவுகள், டேட்டா ஷீட், பழைய மெயில்கள். டீசிஸ் முடிந்ததும் கல்லூரி மெயில் ஐடி மூடப்படும் இடங்களும் உண்டு. அதற்கு முன்பே நோயாளிகளின் விவரம் எதுவும் கலக்காமல் வரைவுகளையும் மெயில்களையும் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.