சவரனிலிருந்து இறையாண்மை வரை

நகைக்கடை வாசலில் அன்றாடம் மாறும் விலைப் பலகையைப் படிக்கிற எவருக்கும், இறையாண்மையைக் குறிக்கும் ‘சாவரின்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதி ஏற்கெனவே தெரியும். எட்டுக் கிராம் தங்கத்தைச் ‘சவரன்’ என்கிறோமே, அது ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர் நம் நாவில் தேய்ந்த வடிவம். அந்தப் பெயரில் முதல் நாணயத்தை 1489இல் ஏழாம் ஹென்றி வெளியிட்டார். இன்றைய வடிவம் 1817இல் வந்தது. எடை ஏறத்தாழ 7.98 கிராம். 1918இல் பம்பாயிலும் அதை அச்சடித்தார்கள். அரசரைக் குறித்த சொல் நாணயத்துக்குப் பெயராகி, நாணயத்தின் பெயர் நம்மிடம் எடைக்குப் பெயராகிவிட்டது.

சொல்லின் வேர் ‘சூப்பர்’ என்ற லத்தீன். ‘மேலே’ என்று பொருள். மேலே இருப்பவர் ‘சூப்பரானுஸ்’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின், ஆட்சியைக் குறிக்கும் ‘ரெயின்’ என்ற சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக எண்ணி, நடுவில் ஒரு ‘ஜி’ எழுத்தைச் செருகினார்கள். மேல்ஸ்தாயியில் பாடும் ‘சோப்ரானோ’ குரலும் இதே குடும்பம்தான்.

அரசியல் கோட்பாடாகச் சாவரின்டியை வார்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜீன் போடின். 1576இல் வெளியான தம் நூலில், ஓர் அரசின் முழுமையான, நிலையான அதிகாரம் என்று இதை வரையறுத்தார். முடிவான சொல் யாருடையதோ அவரிடம்தான் இது இருக்கிறது. அவருக்கு மேலே கேட்டு அனுமதி வாங்க வேறொருவர் இல்லை. இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் சொல்லை எங்கே ஆளலாம், எங்கே ஆளக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

தமிழில் இறையாண்மை. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களுள் ஒன்று. ‘இறை’ என்றால் இன்று கடவுள்தான் நினைவுக்கு வருகிறார். பழந்தமிழில் அரசனும் இறை, அவனுக்குச் செலுத்தும் வரியும் இறை. குறளில் அரசனின் சிறப்பைச் சொல்லும் அதிகாரத்தின் பெயரே இறைமாட்சி. ‘நாடு’ அதிகாரத்தில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன: “பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு.” பிற நாட்டுச் சுமையெல்லாம் ஒருசேரத் தன்மேல் வந்தாலும் தாங்கிக்கொண்டு, அரசனுக்குரிய வரியையும் முழுமையாகத் தருவதே நாடு என்கிறார் வள்ளுவர். ஆள்பவனுக்கும் மக்கள் கொடுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி இது. லத்தீன் சொல்லில் உயரம் மட்டும் இருக்கிறது. நம் சொல்லில் அந்த உயரத்தைத் தாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பின்பாதியான ‘ஆண்மை’யைக் கண்டு சிலர் தயங்குகிறார்கள், ஆண்பால் வாடை அடிக்கிறதாம். இங்கே அது ஆள் + மை, ஆளும் தன்மை. கேள் + மை கேண்மை ஆவது போன்ற புணர்ச்சிதான். வீட்டை ஆளும் பொறுப்பை ‘இல்லாண்மை’ என்கிறது குறள். ‘வேளாண்மை’யை நாள்தோறும் எழுதுகிறோம். ‘மேலாண்மை’யும் இருக்கிறது. ‘சூப்பரானுஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மேலாண்மை’க்குத்தான் மிக நெருங்கி வரும். அந்தச் சொல்லை நாம் நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை. இறையாண்மை அதைவிட ஆழமான சொல்.

இந்திய அரசமைப்பின் முகப்புரையை இறையாண்மை என்ற சொல்லோடுதான் தமிழில் படிக்கிறோம். 1963இல் வந்த 16ஆம் திருத்தத்துக்குப் பின், சட்டமன்ற உறுப்பினர்களின் உறுதிமொழியிலும் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் இடம்பெற்றன. இலங்கைத் தமிழில் இதே பொருளுக்கு ‘இறைமை’ என்கிறார்கள். சுருக்கமான சொல்; ‘இறைமையுள்ள நாடு’ என்று எளிதாக அடைமொழியாகவும் ஆகும். இரண்டுமே சரியானவை.

சிக்கல் பல்கலைக்கழக ஆய்வுகளில் தொடங்குகிறது. அரசியல் துறையில் பிறந்த சொல் இன்று நுண்பொருள் ஆய்வகத்துக்கும் நகர ஆய்வுத் துறைக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். ‘நானோ’வுக்குக் கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். அந்த அளவில் பொருள்களைச் செதுக்கும் ஆய்வாளர்களும் ‘தொழில்நுட்ப சாவரின்டி’ என்று எழுதுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, சில்லுகளுக்கு வேண்டிய உலோகம் இன்னொருவர் கையில் இருப்பதன் பொருள் பல நாடுகளுக்குப் புரிந்தது. இந்தியா 2021 டிசம்பரிலேயே குறைகடத்தித் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது.

ஆனாலும் இதைத் ‘தொழில்நுட்ப இறையாண்மை’ என்று அப்படியே பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. கனிமம் ஒரு நாட்டில், பொறி இன்னொரு நாட்டில், வடிவமைப்பு மூன்றாவது நாட்டில் என்று இருக்கும் தொழிலில், முடிவான சொல் என்று எவரிடமும் ஏதும் இல்லை. அந்த ஆய்வாளர்கள் வேண்டுவது, பிறர் கதவை அடைத்தாலும் நம் வேலை நிற்காத நிலை. அதற்குத் ‘தற்சார்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

‘தன்னாட்சி’யையும் இதோடு குழப்பக்கூடாது. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கலாம். அந்த உரிமையைக் கொடுத்த அமைப்பு மேலே இருக்கிறது, திரும்பப் பெறவும் முடியும். தமிழ்நாடு சட்டமன்றம் 1974இல் நிறைவேற்றிய தீர்மானம் மாநில சுயாட்சியைக் கேட்டது, இறையாண்மையை அல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட ஓர் ஆய்வேடு தன் வாதத்தையே தவறவிடும்.

நகரத்துக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர் இன்னும் நிதானிக்க வேண்டும். பார்சலோனா நகராட்சி, குடிமக்கள் நகரக் கொள்கையில் பங்கேற்க 2016இல் ‘டெசிடிம்’ என்ற திறமூல மென்பொருளைத் தொடங்கியது. நகரின் தரவும் கருவிகளும் பெருநிறுவனங்களின் பிடியில் இருக்கக்கூடாது என்பது நோக்கம். இதையும் சாவரின்டி என்றுதான் அங்கே பேசினார்கள். எந்த நகராட்சிக்கும் சட்டப்படி இறையாண்மை கிடையாது. நம் நகராட்சிகளுக்கு 74ஆம் திருத்தம் 18 பணிகளைப் பட்டியலிட்டாலும், அவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநில அரசுதான் முடிவுசெய்கிறது.

நகரம் தன் பொதுவளத்தைத் தானே காத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு ஈடான சொல்லைத் தேடுவோர் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். அங்கே ‘ஊர்’ என்பது நிலம் மட்டுமன்று, கூடி முடிவெடுக்கும் மன்றம். ‘நகரம்’ வணிகர்களின் மன்றம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் நிலத்தைக் கணக்கிடும்போது குளத்தையும், ஊடறுத்துப் போன வாய்க்காலையும், சுடுகாட்டையும் வரிக்கணக்கிலிருந்து கழிக்கின்றன. மக்களைப் பிரித்துவைத்த சேரிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. அந்த வலியை மறைத்துவிட்டு இதைப் படிக்க முடியாது. அரசனின் இறை நுழையாத அந்த நிலங்களுக்குக் கல்லில் வெட்டிய பெயர் ‘இறையிலி’.